ஒரு சறுக்கல், மூன்று ஸ்கோப்: தெற்கு ஆல்ப்ஸ் மலையில் நடந்த ஒரு வேட்டையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நியூசிலாந்தின் தென் தீவில் ஹேவ்லாக், கிளைட் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ரங்கிடாட்டா ஆறாகின்றன. அந்த ஹேவ்லாக் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் ஒரு ஜூன் மாதம் நடந்தது இது. அங்கே ஜூன் என்றால் கடும் குளிர்காலம். போனது மூன்று பேர். இந்த ஆய்வில் அடிபடும் துப்பாக்கிக்கும், அதன் மேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கும் சொந்தக்காரர் என்னைவிடப் பத்து வயது இளைய தமிழர். இங்கே அவரை 'தம்பி' என்றே எழுதுகிறேன். இரண்டாமவர் அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த ஆட்டுப்பண்ணைக்காரர், நாற்பது ஆண்டுகளாக மலையேறுகிறவர். மூன்றாமவன் நான். அளவுக்கருவிகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். வேட்டையில் அனுபவம் குறைவு.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இப்படியான வேட்டைக்கு இடமில்லை. நியூசிலாந்தின் கதை வேறு. வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் அந்தத் தீவுகளுக்குச் சொந்தமில்லை. இமயமலை வரையாடான தாரை 1904இல் குக் மலைக்கு அருகே கொண்டுவந்து விட்டார்கள். இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் கோமகன் கொடுத்த பரிசு அது. தங்களைத் தின்னும் எதிரி இல்லாத மலையில் அவை பெருகி, உயர்மலைப் புல்லையும் அரிய பூச்செடிகளையும் மேய்ந்து தீர்க்க ஆரம்பித்தன. 1993இல் அரசு போட்ட கட்டுப்பாட்டுத் திட்டம் மொத்த எண்ணிக்கை 10,000ஐத் தாண்டக்கூடாது என்கிறது. உரிமமும் அனுமதிச்சீட்டும் உள்ளவர்கள் சுடுவது அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு பகுதி. நம் நீலகிரி வரையாட்டையும் இதையும் ஒரு காலத்தில் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். முதல்முறை பைனாகுலரில் ஒரு தார்க் கிடாவைப் பார்த்தபோது எனக்கு நீலகிரி வரையாடுகள் வாழும் இரவிகுளம்தான் நினைவுக்கு வந்தது. சுட வேண்டிய விலங்குதான், ஆனால் அது வலியில்லாமல் சாக வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து எனக்கு அழுத்தமாகவே இருக்கிறது. இந்த ஆய்வை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

கொண்டுபோன ஸ்கோப்புகள்

தம்பியின் 7மிமீ-08 ரைஃபிளில் (இதுவும் கீழே வரும் .308, .270 என்பவையும் தோட்டா வகைகளின் பெயர்கள்) இருந்தது 25.4 மி.மீ. குழல் கொண்ட, 370 கிராம் எடையுள்ள, உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய ஸ்கோப். கண்ணாடி மிக நன்றாக இருக்கும். மாலை மங்கிய பிறகும் பாறைக்கும் விலங்குக்கும் உள்ள வித்தியாசத்தை அது காட்டும். மலையில் ஒவ்வொரு கிராமும் தோளில் தெரியும் என்பதால் எடையைப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார். இதை லேசான ஸ்கோப் என்கிறேன்.

பண்ணைக்காரரின் .308 ரைஃபிளில் 30 மி.மீ. குழலோடு, 640 கிராமில் ஒரு ஸ்கோப். இது கனமான ஸ்கோப். விலை தம்பியுடையதைவிடக் குறைவு. கண்ணாடி சுமார்தான், ஓரங்களில் படம் கொஞ்சம் கலங்கும். என்னுடையது .270இல் பொருத்திய 25.4 மி.மீ. குழல், நடுத்தர விலை, 450 கிராம்.

மூன்றையும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு 100 மீட்டரில் ஜீரோ பார்த்தோம். குறுக்குக்கோடு காட்டும் இடத்தில் குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைப்பதை ஜீரோ என்பார்கள். மூன்றும் சரியாக இருந்தன. ஆனால் ஆளுக்கு மூன்றே தோட்டா சுட்டு, துளைகள் நெருக்கமாக இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிட்டோம். அது போதாது என்பது பின்னால் புரிந்தது.

முதல் நாள்

ஆற்றுப்படுகை வழியாக நான்கு மணி நேரம் ஜீப்பில் போனோம். சாலை கிடையாது. உருண்டைக் கற்களும் பனிநீர் ஓடும் கிளைகளும்தான். தோட்டா நீக்கிய துப்பாக்கிகள் பின்னால் துணிப்பையில், கூடாரத்தின் மேல் கிடந்தன. இந்தக் குலுக்கலை அன்று யாரும் பொருட்டாக நினைக்கவில்லை. குடிசையில் இறங்கியதும் ஒரு அட்டையை வைத்து ஒரு தோட்டா சுட்டுப் பார்த்திருக்கலாம். இருட்டிவிட்டது, பசி, சமைக்கப் போய்விட்டோம்.

இரண்டாம் நாள்: சறுக்கல்

மதியம் இரண்டரை மணி வாக்கில் சரளைச் சரிவு ஒன்றைக் குறுக்காகக் கடந்தோம். தம்பியின் கால் வழுக்கி அவர் இடுப்போடு உட்கார்ந்தார். முதுகுப்பையில் பக்கவாட்டில் கட்டியிருந்த ரைஃபிள் அவிழ்ந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே போய்ப் பாறையில் மோதியது. ஸ்கோப்பின் இடது பக்கம், டரட் (குறியை நகர்த்தும் திருகுக்குமிழ்) இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அடி விழுந்ததை நான் பார்த்தேன். அவருக்குக் காயம் இல்லை.

அவர் ரைஃபிளைத் திறந்து, காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு ஸ்கோப் வழியாகப் பார்த்தார். "கண்ணாடி சுத்தமா இருக்குண்ணா, கோடும் நேரா இருக்கு. ஒண்ணும் ஆகலை," என்றார். நானும் வாங்கிப் பார்த்தேன். கருப்புப் பூச்சில் ஒரு நகக்கீறல் அளவு சுரண்டல். அவ்வளவுதான். படம் அப்படியே பளிச்சென்று இருந்தது.

ஒரு சோதனைத் தோட்டா சுட்டுப் பார்க்கலாமே என்று பண்ணைக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு அவரே எதிர்ச்சரிவைப் பார்த்தார். அங்கே ஐந்து கிடாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. சுட்டால் ஓடிவிடும். குளிர்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் நாலரை மணிக்கெல்லாம் வெளிச்சம் குறையத் தொடங்கிவிடும். அவர் வற்புறுத்தவில்லை, நாங்களும் பேச்சைத் தொடரவில்லை.

எடுத்த முடிவும் அதன் விளைவும்

சுடுவது தம்பியின் முறை என்று முன்பே பேசி வைத்திருந்தோம். 260 மீட்டருக்கு நெருங்கினோம். பெரிய கிடா இடப்பக்கம் பார்த்தபடி முழுப் பக்கவாட்டில் நின்றது. தம்பி பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, நிதானமாக, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறிவைத்துச் சுட்டார். சுட்ட விதத்தில் எந்தக் குறையும் இல்லை. நான் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். கிடா முதுகை வளைத்து உடம்பைக் குறுக்கிக்கொண்டது. வயிற்றில் பட்டால் விலங்குகள் அப்படித்தான் நிற்கும். அடுத்த தோட்டாவுக்குள் அது பாறை இடுக்கில் மறைந்துவிட்டது.

உடனே துரத்தினால் அடிபட்டது இன்னும் மேலே ஏறிப் போகும் என்பதால் அரை மணி நேரம் காத்திருந்தோம். அதற்கப்புறம் பண்ணைக்காரரின் ரைஃபிளை மட்டும் வைத்துக்கொண்டு தேடினோம். பனியில் இரத்தம் கொஞ்சமாகத்தான் இருந்தது. முதல் குண்டிலிருந்து இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் கழித்து, தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு பாறைத் திட்டில் அது படுத்திருப்பதைக் கண்டோம். எழ முயன்றது. பண்ணைக்காரர் அருகிலிருந்து சுட்டு முடித்தார். முதல் குண்டு குறிவைத்த இடத்திலிருந்து வெகுவாகப் பின்னாலும் கீழுமாகப் பட்டிருந்தது.

அந்த இரண்டு மணி நேரத்தை நான் மறக்கவில்லை. தம்பி அன்றிரவு சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள்: முகாமில் பார்த்தது

காலையில் ஆற்றுப்படுகையில் தூரமானியால் 100 மீட்டர் அளந்து, அட்டைப்பெட்டியில் ஒரு வட்டம் வரைந்து, தம்பியின் ரைஃபிளால் மூன்று தோட்டா சுட்டோம். மூன்று துளையும் நெருக்கமாகவே விழுந்தன. ஆனால் குறியிலிருந்து 9 செ.மீ. வலப்பக்கம், 4 செ.மீ. கீழே.

இதை 260 மீட்டருக்குக் கணக்கிட்டால் வலப்பக்கம் 23 செ.மீ., கீழே 10 செ.மீ. வருகிறது. தாரின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய 20 முதல் 25 செ.மீ. அகலம், அதன் நடுவில் குறிவைத்து இவ்வளவு விலகினால் குண்டு வெளியேதான் போகும். கிடா இடப்பக்கம் பார்த்து நின்றது, குண்டு வலப்பக்கம் போயிருக்கிறது, அதாவது வயிற்றுக்கு. கணக்கும் நாங்கள் பார்த்த காயமும் பொருந்தின.

தம்பி டரட்டைத் திருப்பி உடனே சரிசெய்ய நினைத்தார். வேண்டாம் என்றேன். எதையும் தொடாமல் ஊருக்குக் கொண்டுபோனால்தான் எது நகர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியும். தொழில் பழக்கம் அது. பிழை காட்டும் கருவியைப் பிழையோடுதான் முதலில் அளக்க வேண்டும். மீதி நாட்களுக்கு அந்த ரைஃபிள் பைக்குள்ளேயே இருந்தது.

ஊரில் நடந்த சோதனை

அடுத்த வாரம் காற்றில்லாத ஒரு காலையில் சுடுதளத்தில் மேசை போட்டு, மணல்பைகளின் மேல் வைத்து ஆரம்பித்தோம். இந்தமுறை மூன்று தோட்டாவோடு நிறுத்துவதில்லை என்று முடிவு. ஒவ்வொரு முறையும் பத்துத் தோட்டா. பத்துத் துளைகளின் நடுப்புள்ளியை அளந்து எழுதுவது. அந்த ரைஃபிள் 100 மீட்டரில் பத்துத் தோட்டாக்களை 4 செ.மீ. அகலத்துக்குள் போடும். பத்தின் நடுப்புள்ளி ஒரு செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் அதை உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று தோட்டாவை வைத்து ஒரு செ.மீ. மாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, அது தற்செயலாகவே வரக்கூடியது.

மலையிலிருந்து வந்தபடியே, ஒரு திருகையும் தொடாமல் சுட்டதில் நடுப்புள்ளி 8.5 செ.மீ. வலம், 4 செ.மீ. கீழ். முகாமில் பார்த்ததேதான்.

அப்புறம் திருகுகள். ரைஃபிளின் இரும்புப் பாகத்தைக் கட்டையோடு இணைக்கும் பின்திருகு எட்டில் ஒரு சுற்று தளர்ந்திருந்தது. 'இதுதான் காரணம்' என்று மூவருக்குமே தோன்றியது. சரியான முறுக்குக்கு இறுக்கிவிட்டு மறுபடி பத்துத் தோட்டா. 8 செ.மீ. வலம், 4 செ.மீ. கீழ். அது காரணமில்லை. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களின் திருகுகளில் ஒன்றும் தளரவில்லை. பொருத்தியபோது பெயின்ட் பேனாவால் குழலுக்கும் வளையத்துக்கும் சேர்த்துப் போட்ட கோடும் விலகாமல் நேராக இருந்தது.

பிறகு ஸ்கோப்புகளை மாற்றினோம். கனமான ஸ்கோப்பை அதன் வளையங்களோடு தம்பியின் ரைஃபிளில் போட்டு ஜீரோ பார்த்ததும் இருபது தோட்டா ஒரே இடத்தில் விழுந்தன. ஆக ரைஃபிளும் தோட்டாவும் நல்லவை. லேசான ஸ்கோப்பை அதன் வளையங்களோடு .308இல் போட்டு ஜீரோ பார்த்துச் சுட்டால், முதல் பத்தின் நடுப்புள்ளிக்கும் அடுத்த பத்தின் நடுப்புள்ளிக்கும் 2.5 செ.மீ. வித்தியாசம். யாரும் கீழே போடாமலேயே, சுடும்போது வரும் வெறும் பின்னதிர்வில் அது நகர்ந்துகொண்டிருந்தது.

ஸ்கோப்தான் குற்றவாளி என்று நான் நோட்டில் எழுதிவிட்டேன். பண்ணைக்காரர் நிறுத்தினார். வளையங்களையும் ஸ்கோப்போடு சேர்த்துத்தானே மாற்றினோம், கோளாறு வளையத்தில் இருந்தால் அதுவும் கூடவே போயிருக்குமே என்றார். அளவுக்கருவிகளோடே வாழ்கிற எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். என்னுடைய ஸ்கோப்பும் 25.4 மி.மீ. என்பதால் என் வளையங்களைக் கழற்றி லேசான ஸ்கோப்புக்குப் போட்டோம். முதல் பத்துக்கும் அடுத்த பத்துக்கும் இந்தமுறை 2 செ.மீ. அதே அலைச்சல். அதன் பிறகுதான் அந்த வரியை நோட்டில் உறுதிசெய்தேன்.

கடைசியாக டரட். லேசான ஸ்கோப்பில் டரட்டை ஒரு படி திருப்பும் ஒரு கிளிக் என்பது கால் நிமிடக் கோணம், அதாவது ஒரு பாகையில் 240இல் ஒரு பங்கு. 40 கிளிக் மேலே திருப்பினால் 100 மீட்டரில் 29 செ.மீ. ஏற வேண்டும். 26.5 செ.மீ.தான் ஏறியது. 40 கிளிக் திரும்ப இறக்கினால் பழைய இடத்துக்கு வராமல் 1.5 செ.மீ. மேலேயே நின்றது. இரண்டு தோட்டா சுட்ட பிறகு கீழே இறங்கி வந்தது. உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டு, அதிர்வு கிடைத்ததும் விடுபடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம்.

வெந்நீர்த் தொட்டியில் மூழ்கவைத்தும் பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. உள்ளே அடைத்த உலர்வாயு பத்திரமாக இருந்தது, கண்ணாடியில் பனிமூட்டம் இல்லை, படம் முன்போலவே பளிச்சென்று இருந்தது. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும் ஒருவர் இதை முதல்தரமான ஸ்கோப் என்றே சொல்லியிருப்பார்.

ஸ்கோப்புக்குள் என்ன நடக்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குபவர்கள் பெரும்பாலும் பார்க்காத இடம் இதுதான். நாம் வெளியே பார்க்கும் அலுமினியக் குழலுக்குள் இன்னொரு சிறிய குழல் இருக்கிறது. தலைகீழாக விழும் படத்தை நிமிர்த்தும் லென்ஸ்கள் அதில்தான் இருக்கின்றன. அதன் பின்முனை ஒரு கீல் போல அசையக்கூடியபடி பொருத்தப்பட்டிருக்கும். முன்பகுதியை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் டரட் திருகுகளின் நுனி தள்ளிக்கொண்டிருக்க, எதிர்ப்புறத்திலிருந்து ஒரு வில் அழுத்திப் பிடித்திருக்கும். ஜீரோ என்று நாம் சொல்வது முழுக்க, அந்த வில் உள்குழலைத் திருகு நுனியோடு எவ்வளவு உறுதியாக ஒட்டவைத்திருக்கிறது என்பதில்தான் நிற்கிறது.

எவ்வளவு நுண்ணியது என்பதற்கு ஒரு கணக்கு. முன்லென்ஸின் குவியத்தூரம் 150 முதல் 200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு கிளிக்குக்கு உள்ளே நகர்வது ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை ஒட்டிய அளவு. எங்களுக்கு வந்த 9 செ.மீ. விலகலுக்கு உள்ளே நடந்த நகர்வு ஏறக்குறைய 0.15 மி.மீ. இரண்டு தலைமுடியைச் சேர்த்து வைத்த கனம். இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. குறுக்குக்கோடு நேராகத் தெரிவதும் கண்ணாடி உடையாமல் இருப்பதும் இதைப் பற்றி எதுவுமே சொல்லாது.

சுடும்போது வரும் அதிர்வு நேர்கோட்டில், முன்னும் பின்னுமாக வருகிறது. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இதைத்தான் ஆயிரக்கணக்கான முறை இயந்திரத்தில் அடித்துச் சோதிக்கிறார்கள். மலையில் விழும் அடியும், ஜீப்பில் மணிக்கணக்கில் வரும் குலுக்கலும் பக்கவாட்டிலிருந்து வருகின்றன. அந்த வில் பலவீனமாக இருந்தால் பக்கவாட்டு அடியில் உள்குழல் துள்ளி, வேறு இடத்தில் போய் உட்காரும். பின்னதிர்வைத் தாங்கும் என்ற விளம்பரத்தை விழுந்தாலும் தாங்கும் என்று படித்தது எங்கள் தவறு.

30 மி.மீ. குழல் வெளிச்சத்தை அதிகம் தருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது, 42 மி.மீ. லென்ஸ், 6 மடங்கு என்றால் 7 மி.மீ. குழலின் தடிமனுக்கு அதில் பங்கில்லை. தடித்த குழல் தருவது உள்ளே அசைய இடமும் விறைப்பும்தான். அதேபோல எடை அதிகம் என்பதாலேயே உறுதி வந்துவிடாது. 56 மி.மீ. முன்லென்ஸ் வைத்த கனமான ஸ்கோப் விழும்போது தன் எடையாலேயே தன்னை அதிகம் வருத்திக்கொள்ளும். கூடுதல் கிராம்கள் எங்கே போயிருக்கின்றன, சுவருக்கும் வில்லுக்குமா அல்லது கண்ணாடிக்கா என்பதுதான் கேள்வி. உருப்பெருக்கம் மாறாத பழைய பாணி ஸ்கோப்புகளைப் பல மூத்த வேட்டைக்காரர்கள் விடாமல் வைத்திருப்பதற்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது. அசையும் பாகங்கள் குறைவு.

விழவைத்துப் பார்த்தது

லேசான ஸ்கோப்பைத் தயாரிப்பாளருக்கு அனுப்பினோம். ஏழு வாரத்தில் புதிய ஒன்று வந்தது, கட்டணமில்லாமல். காரணம் எழுதவில்லை. ஆயுள் உத்தரவாதம் என்பது இங்கே சொன்னபடி நடந்தது, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஏழு வாரம் கழித்து வரும் புதுப்பெட்டி மலையில் நிற்கும்போது உதவாது.

ஏற்கெனவே அடிபட்ட ஸ்கோப்பை விழவைத்து ஒப்பிடுவது நியாயமாக இருக்காது என்பதால் இந்தப் புதியது வரும்வரை காத்திருந்தோம். போல்ட்டைக் கழற்றி, காலி என்று இருவர் பார்த்து உறுதிசெய்த பிறகு, இறுகிய தரையின் மேல் 2 செ.மீ. தடிமன் உள்ள ரப்பர் விரிப்பைப் போட்டு, 50 செ.மீ. உயரத்திலிருந்து இடப்பக்கம், வலப்பக்கம், மேற்பக்கம் தரையில் படும்படி தலா ஒருமுறை போட்டோம். பிறகு அதையே ஒரு மீட்டரிலிருந்து. ஒவ்வொரு உயரத்துக்கும் பிறகு பத்துத் தோட்டா. தன் ரைஃபிளைத் தானே கீழே போடுவது பண்ணைக்காரருக்கு மனசு வரவில்லை, தம்பி போட்டார்.

50 செ.மீ.யில் மூன்றும் தாங்கின, அதாவது நகர்ந்தது ஒரு செ.மீ.க்குள். ஒரு மீட்டரில் கனமான ஸ்கோப் அப்படியே இருந்தது. என்னுடையது 3 செ.மீ. நகர்ந்தது, திரும்ப ஜீரோ பார்த்த பிறகு அலையாமல் நின்றது. புதிய லேசான ஸ்கோப் 5 செ.மீ. நகர்ந்தது, திரும்ப ஜீரோ பார்த்த பிறகும் அடுத்த இருபது தோட்டாவுக்குள் 2 செ.மீ. அலைந்தது.

ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஸ்கோப்பைத்தான் சோதித்தோம் என்பதை மறக்கக்கூடாது. இதை வைத்து ஒரு மாடலையே நல்லது கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். விலை உயர்ந்தவற்றில் மிக உறுதியானவையும் உண்டு. எங்கள் மூன்றில் விலைக்கும் தாங்கும் திறனுக்கும் தொடர்பு இருக்கவில்லை, கண்ணாடியின் தெளிவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

முடிவுகளும் பின்னர் நடந்ததும்

தம்பி மலை ரைஃபிளுக்குக் கனமான ஸ்கோப்பின் அதே மாடலை வாங்கினார். 270 கிராம் கூடுதல். அந்த எடையைக் குறைக்கப் பையிலிருந்து வேறு எதையோ எடுத்தார். புதிய ஸ்கோப்பையும் வாங்கியவுடன் ஒரு மீட்டரிலிருந்து போட்டுப் பார்த்தோம்; தாங்கியது. கடைக்காரர் கேட்டால் மயங்கி விழுவார் என்று தெரியும், ஆனாலும் உத்தரவாதம் இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது என்பது எங்கள் தீர்மானம்.

இழப்பும் இருக்கிறது. மாலையில் பழைய ஸ்கோப்பில் தெரிந்த அளவு இதில் தெரிவதில்லை. பத்து நிமிட வேட்டை வெளிச்சம் போய்விட்டது என்று தம்பி சொல்கிறார், உண்மைதான். விலங்கைத் தேடுவதற்கும் அடையாளம் காண்பதற்கும் பைனாகுலர் இருக்கிறது, ஸ்கோப்பின் வேலை குண்டை அதே இடத்துக்கு அனுப்புவது என்று பிரித்துக்கொண்டோம். அவர் நல்ல பைனாகுலர் ஒன்றை வாங்கினார்.

மறுவருடம் ஜூனில் அதே பள்ளத்தாக்குக்குப் போனோம். இறங்கிய மாலையே ஆற்றுப்படுகையில் அட்டை வைத்து மூவரும் சுட்டுப் பார்த்தோம். என் ரைஃபிள் 2 செ.மீ. இடப்பக்கம் காட்டியது. ஜீப் குலுக்கலா, குளிரா, எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சரிசெய்துகொண்டேன். நான்காம் நாள் தம்பி 180 மீட்டரில் ஒரு கிடாவைச் சுட்டார். நின்ற இடத்திலேயே விழுந்தது.

இனி மாற்றிச் செய்வது

அந்த நாளின் முக்கியமான பிழை சரளைச் சரிவில் நடந்தது. அதைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசினோம். விழுந்த துப்பாக்கியைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்தோம். சந்தேகப்பட்டவர் மெதுவாகச் சொன்னார், மற்ற இருவரும் விலங்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கையில் அடிபடாத ரைஃபிள் இரண்டு இருந்தன! அதில் ஒன்றைத் தம்பியிடம் கொடுத்திருந்தால் போதும். முறை யாருடையது என்ற பேச்சு எங்களை அந்த எளிய வழியைப் பார்க்கவிடவில்லை.

இப்போது விழுந்த துப்பாக்கி, சுட்டுப் பார்க்கும்வரை பையை விட்டு வெளியே வராது. மூவரில் யார் வேண்டாம் என்றாலும் அன்று சுடுவதில்லை. காரணம் கேட்பதும் இல்லை. ஒவ்வொருவர் பையிலும் மடித்த அட்டை ஒன்றும், சோதனைக்கென்று தனியாக ஐந்து தோட்டாவும் இருக்கின்றன. சரிவுகளைக் கடக்கும்போது ரைஃபிளுக்கு இரண்டாவது பட்டை கட்டுகிறோம். ஜீப்பில் துப்பாக்கிகள் தடித்த மெத்தைப் பெட்டியில், டரட் மேல் பக்கமாக இருக்கும்படி போகின்றன. வீட்டில் ஜீரோ பார்ப்பது பத்துத் தோட்டாவால், அதை நோட்டில் தேதியோடு எழுதிவைப்போம்.

புதிய லேசான ஸ்கோப் இப்போது தம்பியின் .22 ரைஃபிளில் இருக்கிறது. பண்ணையில் முயல் சுட அதை எடுத்துப் போகிறார். மாதம் ஒருமுறை 50 மீட்டரில் பத்துத் தோட்டா சுட்டு நடுப்புள்ளியை எனக்கு அனுப்புகிறார். அந்தக் கண்ணாடி இன்னமும் எங்களிடம் இருப்பதிலேயே தெளிவானது.